ஔ வீட்டில் ஆளில்லை

அத்தியாயம் 4

"பேனா" என்று சொல்லி ஒரு கை நீண்டது.

மச்சான் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். "என்னம்மா இது, வாசல்லயே வழிப்பறியா?"

"சுவடி அறைக்குள்ள மை வரக்கூடாது. பென்சில் மட்டும்தான். பை, தண்ணி பாட்டில், வாயில இருக்கற மிட்டாய், எல்லாம் வெளியே."

"மிட்டாயை எங்கம்மா வைக்கறது?"

"முழுங்குங்க."

மச்சான் முழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவனுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. சர்வேயரின் மனைவிக்குத் தம்பி என்பதால் சர்வேயர் 'மச்சான்' என்று கூப்பிடப் போய், ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருடம் துணிக்கடையில் நின்றவன். 'சாயம் போகாதும்மா, நான் கேரண்டி' என்று பொய் சொல்லிச் சொல்லியே, அடுத்தவன் பொய் சொல்லும்போது காது தானாக விறைக்கும் அளவுக்குத் தேர்ந்திருந்தான்.

சர்வேயர் வேறு ரகம். எரிந்துபோன கடைகளுக்குப் போய், தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்ததா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டபிறகும் பட்டம் விடவில்லை. "எரிஞ்ச கடையில என்ன இருக்குன்னு பாக்காதே, மச்சான். முதலாளியோட குடும்பப் படம் முதல்நாளே வீட்டுக்குப் போயிருந்தா, அந்தத் தீ சொல்லிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்" என்பார். அந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இப்போது துப்பறிந்து பிழைக்கிறார்.

பேனாவைப் பறித்த கைக்குச் சொந்தக்காரர் பல்கலைக்கழக நூலகத்தின் சுவடிக் காப்பாளர். முப்பத்தொரு வருட சர்வீஸ். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. சுவரில் ஒட்டியிருந்த அலுவலகச் சுற்றறிக்கையில்கூட மூன்று இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார், எழுத்துப் பிழைக்கு. அறை முழுக்க ஏடுகளுக்குத் தடவும் புல்தைல வாசனை.

"மணி ரெண்டரை" என்றார் காப்பாளரம்மா. "நாலு மணிக்குப் பதிவாளர் என்னை வேலையை விட்டுத் தூக்கற உத்தரவுல கையெழுத்துப் போடறார். அதோட போலீஸ்ல புகார். ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்லை. திருடிங்கற பேரோட நான் வீட்டுக்குப் போக முடியாது, சார்."

அவர் நீட்டிய தாளைச் சர்வேயர் வாங்கினார். துணை நூலகர் பதிவாளருக்கு எழுதிய புகாரின் நகல். நடுவில் தலைப்பு, வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எழுத்தெழுத்தாக இழுத்துப் பரப்பியிருந்தது:

ஒ  ள  ட  த    வ  ழ  க்  கு    சு  வ  டி    க  ள  வு

"கடைக்குப் போர்டு எழுதற மாதிரி இழுத்திருக்காரே" என்றான் மச்சான். "கீழ 'தள்ளுபடி உண்டு'ன்னு போடலையா?"

சர்வேயர் மீதியைப் படித்தார். *மேற்படி சுவடி தன் வரிசையில் இல்லை. கணினிப் பட்டியலில் நானே மூன்று முறை தேடியும் பதிவு இல்லை. பதிவை நீக்கும் அதிகாரம் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. ஆகவே....*

"ஆகவேக்கு அப்புறம் நாலு புள்ளி" என்றார் சர்வேயர். "மூணு வெச்சா சந்தேகம். நாலு வெச்சா ஆசை. சரி, அது என்னம்மா சுவடி?"

"ஔடத வழக்கு. ஔடதம்னா மருந்து. ஒரு வயித்துவலிக்காரனுக்கு ரெண்டு வைத்தியர் மருந்து குடுக்கறாங்க. யார் மருந்துல குணமாச்சுன்னு ரெண்டு பேரும் பாட்டாவே சண்டை போட்டுக்கறாங்க. தொண்ணூத்தாறு ஏடு."

"நோயாளி என்ன ஆனான்?"

"பதினேழாவது ஏட்டுலயே எழுந்து வீட்டுக்குப் போயிட்டான். மீதி எழுபத்தொன்பது ஏடும் சண்டைதான்."

"நம்ம குடும்பச் சண்டை மாதிரியே இருக்கு, அத்தான்" என்றான் மச்சான்.

"போன திங்கக்கிழமை ஓர் ஆராய்ச்சியாளர் அதைக் கேட்டு எழுதியிருந்தார். எடுத்துக் குடுக்கலாம்னு போனேன். இல்லை. எங்ககிட்ட ஐயாயிரத்து முன்னூறு சுவடி இருக்கு. அதுல 'ஔ'ல ஆரம்பிக்கறது இது ஒண்ணே ஒண்ணு. 'ஔ'ங்கற வீட்டுல ஒரே ஒரு குடித்தனம். அதுவும் காலி."

"தொலைஞ்சதை முதல்ல யார் சொன்னது?"

"நான்தான். ஓடிப்போய்த் துணை நூலகர்கிட்ட சொன்னேன். அவர்தான் கணினிப் பட்டியலுக்குப் பொறுப்பு. அவர் அறையில தேடிப் பாத்துட்டு, 'இல்லையே அக்கா'ன்னார். சாயங்காலமே இந்தப் புகார்."

"நல்லவனைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கீங்க" என்றான் மச்சான். "பூனைகிட்ட போய்ப் பாலைக் காணோம்னு சொன்ன கதை."

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடைசியா எப்போ கண்ணால பாத்தீங்க?"

"போன வருஷம். முழங்கால் அறுவைக்கு முன்னாடி தைலம் தடவி, கயிறு கட்டி, நானே வெச்சேன். மூணு மாசம் லீவுல இருந்தேன். அந்த நேரத்துல பழைய மர அலமாரியை எடுத்துட்டு இரும்பு அடுக்கு போட்டாங்க. கணினிப் பட்டியல் வரிசைப்படியே எல்லாத்தையும் அடுக்கினாங்க. வந்து பாத்தேன், எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு."

"ஔ வரிசை?"

காப்பாளரம்மா தலைகுனிந்தார். "ஒரே ஒரு பெட்டி. அதைப் போய்ப் பாக்கணும்னு தோணலை."

"கணினியில பதிவெல்லாம் அடிச்சது யாரு?"

"நான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஒவ்வொண்ணா, நானே."

"பிழை ஏதாவது…"

"என்கிட்டயா?" கண்ணாடிக்குமேல் ஒரு பார்வை வந்தது. சர்வேயர் மீதிக் கேள்வியை மச்சானின் மிட்டாய் மாதிரி முழுங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வாசனை முதலில் வந்தது, ஆள் பின்னால். மடிப்புக் கலையாத சட்டை, கலையாத தலை, கலையாத சிரிப்பு. துணை நூலகர்.

"வாங்க சார், வாங்க. அக்கா உங்களைக் கூப்பிட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அக்கா மேல எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா?"

"தெரியுது சார். லெட்டர்ல எழுத்தெழுத்தா தெரியுது" என்றான் மச்சான்.

"கடமைன்னு ஒண்ணு இருக்கே. மனசைக் கல்லாக்கிட்டுத்தான் எழுதினேன்." சொல்லிக்கொண்டே அவர் கண் அறையைச் சுற்றி வந்தது. மேஜை, நாற்காலி, கடைசியில் ஜன்னல்.

அப்படிப்பட்ட பார்வையைப் பதினெட்டு வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவன் மச்சான். துணி எடுக்க வந்துவிட்டு, வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்கிறவர்களின் பார்வை அது. அவன் ஜன்னலோரம் போய் நின்று, கையால் சாண் போட்டு அளந்தான்.

"வெயில் நல்லா அடிக்குது. திரை போட்டா நல்லாயிருக்கும். மூணு மீட்டர் துணி போதும்."

"மூணரைன்னு சொன்னானே…" என்றார் துணை நூலகர்.

மச்சான் சாண் போட்ட கையை எடுக்காமல் திரும்பினான்.

"யாரு சார் சொன்னது?" என்றான் மச்சான், குழந்தை மாதிரி.

"இல்ல… பொதுவா… எங்க வீட்டு ஜன்னலுக்கு." சிரிப்பில் முதல் மடிப்பு விழுந்தது. "நாலு மணிக்குப் பதிவாளர் அறையில பாக்கலாம்." வாசனையை விட்டுவிட்டு ஆள் மட்டும் போனது.

"அத்தான், திரைக்கு அளவு எடுத்தாச்சு. நீங்க உக்காந்திருக்கற நாற்காலிக்கு உறை தைக்கவும் அளவு குடுத்திருப்பான்" என்றான் மச்சான்.

"இந்த அறை மேல ஆசை இருக்குன்னு தெரியுது. ஆசைப்படறதெல்லாம் குற்றம்னா, உன்னை என்னிக்கோ உள்ள தள்ளியிருக்கணும். சரக்கு எங்கேன்னு முதல்ல பாப்போம். அம்மா, தேடிக் காட்டுங்க."

காப்பாளரம்மா கணினி முன் உட்கார்ந்து, ஒரு விரலால் ஒரு விசையை அழுத்திக்கொண்டு இன்னொரு விரலால் 'ஔ'வைத் தட்டினார். மீதி எழுத்துகளையும் அடித்தார். திரை கை விரித்தது: *பதிவு இல்லை.* முதல் எழுத்திலிருந்து பொருத்திப் பார்த்துத்தான் இந்தப் பட்டியல் தேடுமாம். முதல் எழுத்து இல்லையென்றால் ஆளே இல்லை.

சர்வேயரும் காப்பாளரம்மாவும் அடுக்குகளுக்கு நடுவே போனார்கள். ஒவ்வொரு அடுக்கின் நெற்றியிலும் ஓர் எழுத்து. அ, ஆ என்று தொடங்கி 'ஓ' வரை ஒழுங்காக வந்தது. அடுத்த அடுக்கில் 'க'. நடுவில் ஔவுக்குப் பெயரட்டைகூட இல்லை.

"குடித்தனக்காரனைக் காலி பண்ணினா வீடாவது மிஞ்சணும். இங்க வீட்டையே காணோம்" என்று முணுமுணுத்தார் சர்வேயர். "பட்டியல்ல ஔ இருந்திருந்தா, அடுக்கினவங்க ஓர் அட்டையாவது ஒட்டியிருப்பாங்க. அப்போ அடுக்கும்போதே பட்டியல்ல ஔ இல்லை."

"அப்போ நான் அழிச்சிட்டேங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. அடுக்கு சொல்லுது."

காப்பாளரம்மாவின் முகம் வாடியது. அப்போதுதான் கணினிப் பக்கமிருந்து மச்சானின் அலறல் வந்தது.

"அத்தான்! கடையில சரக்கு இருக்கு!"

இருவரும் ஓடினார்கள். சுவடி அறையில் ஓடக்கூடாது என்ற விதியை எழுதியவரே முன்னால் ஓடினார், அறுவை செய்த முழங்காலோடு.

திரையில் ஒரே ஒரு வரி. பெயர் அதேதான். *ஏடு 96. அடுக்கு ஒ. பெட்டி 41.*

"என்ன பண்ணினே?" என்றார் சர்வேயர்.

"சும்மா அடிச்சுப் பாத்தேன்."

"இப்பத்தானே நான் அடிச்சேன்!" காப்பாளரம்மா அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்து மறுபடி அடித்தார். *பதிவு இல்லை.*

"நகருங்கம்மா." மச்சான் கோழி கொத்துகிற மாதிரி அடித்தான். வந்தது.

அவர் அடித்தார். இல்லை. அவன் அடித்தான். இருக்கிறது.

"என் கை ராசியான கை" என்றான் மச்சான். "கடையில முதல் போணி என்னைத்தான் பண்ணச் சொல்லுவாங்க."

சர்வேயர் திரையைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், மெதுவா அடி. முதல் எழுத்து மட்டும்."

மச்சான் ஒரு தட்டுத் தட்டினான். 'ஒ' வந்தது. இன்னொரு தட்டு. பக்கத்தில் 'ள' வந்து உட்கார்ந்தது.

"ரெண்டு தட்டு" என்றார் சர்வேயர். "அம்மா ஒரே தட்டுதான் தட்டினாங்க."

"வேற என்ன பண்றது, அத்தான்? எல்லா விசையிலயும் எழுத்து ஒட்டியிருக்கு. ஔ மட்டும் எங்கயும் இல்லை. ஒ இருக்கு, ள இருக்கு. சேத்து வெச்சா அச்சு அசல் ஔதானே? கண்ணுக்கு என்ன வித்தியாசம்?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்லை. கணினிக்குக் கண்ணே இல்லையே. அதுக்கு ஔன்னா ஓர் ஆள். ஒ, ளன்னா ரெண்டு ஆள். ஓர் ஆளைத் தேடினா ரெண்டு பேரை எப்படிக் காட்டும்?" சர்வேயர் திரும்பினார். "பதிவை அடிச்சவங்களும் ரெண்டு தட்டு தட்டியிருக்காங்க. அதனால பட்டியல் இதை 'ஒ'வுல போட்டுது. பட்டியலைப் பாத்து அடுக்கினவனும் 'ஒ'வுல வெச்சிட்டான்."

காப்பாளரம்மா குனிந்தார். திரையின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். *பதிந்தவர்: காப்பாளர்.*

"ஔ சீட்டு அப்பவே உரிஞ்சு போயிருந்துச்சு" என்றார் மெல்ல. "அது எந்த விசையில இருக்குன்னு எனக்கு அப்புறமாத்தான் தெரியும். நான்… நானே…" சர்வேயர் பக்கம் திரும்பினார். "சார், ஓர் உதவி. வெளிய போய் என்னைத் திருடின்னு வேணா சொல்லுங்க. எழுத்துப் பிழை விட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அம்மா, முதல்ல பெட்டி இருக்கான்னு பாப்போம்."

ஒ அடுக்கு. ஒலி, ஒழுக்கம் என்று போன பெட்டிகளைத் தாண்டி நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவது பெட்டியின் சீட்டில் 'ஒளி' என்று தொடங்கும் ஒரு பெயர்.

"பாத்தீங்களா அத்தான்! ஒளிக்குப் பக்கத்துலயே ஒளிஞ்சிருக்கு!"

காப்பாளரம்மா பெட்டியைத் திறந்தார். துணியைப் பிரித்தார். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே ஏடுகள். கயிற்றைத் தளர்த்தி எண்ண ஆரம்பித்தார். மச்சான்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி அஞ்சு."

அவ்வளவுதான். விரலுக்கு அடியில் சட்டம் வந்துவிட்டது.

காப்பாளரம்மா கடைசி ஏட்டின் ஓரத்தில் நகத்தை மெல்ல வைத்து, காது குடைகிற நிதானத்தில் அசைத்தார். தைலப் பிசுக்கில் ஒட்டியிருந்த இரண்டு ஏடுகள் பிரிந்தன.

"தொண்ணூத்தி ஆறு" என்றார்.

"கடைசி ஏட்டுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றான் மச்சான்.

"இன்னும் சண்டைதான்."

மணி மூன்று ஐம்பது.

•

பதிவாளருக்கு ஃபைல் என்றால் மூட வேண்டிய ஒன்று. திறந்த ஃபைலைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. மேஜையில் உத்தரவு தயாராக இருந்தது. எதிர் நாற்காலியில் துணை நூலகர் கைகட்டி, கால்மேல் கால் போடாமல், அப்படிப் போட்ட மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

காப்பாளரம்மா பெட்டியை மேஜைமேல் வைத்தார். சர்வேயர் நடந்ததைச் சொன்னார். எந்த எழுத்து, எத்தனை தட்டு, எந்த அடுக்கு, எல்லாம்.

"ஆக, திருடே போகலை!" பதிவாளர் பேனாவை மூடினார். "நல்லதாப் போச்சு. ஃபைலை முடிச்சிடலாம்."

"ஒரு நிமிஷம் சார்" என்றார் துணை நூலகர்.

மச்சானின் காது விறைத்தது.

"சுவடி கிடைச்சதுல எனக்குத்தான் முதல் சந்தோஷம். ஆனா யோசிங்க. அக்கா யாரு? சுற்றறிக்கையில ஓர் ஒற்று விட்டாலே வட்டம் போடறவங்க. அவங்களுக்கா எழுத்துப் பிழை வரும்? வராது சார். இது பிழை இல்லை, திட்டம். யாரும் தேடினா கிடைக்கக்கூடாதுன்னே ரெண்டு எழுத்தா உடைச்சுப் பதிஞ்சிருக்காங்க. ஓய்வு பெறும்போது, பட்டியல்லயே இல்லாத ஒரு பெட்டி மெதுவா வெளிய போகும். யாருக்குத் தெரியும்? இது தொலையலை சார். ஒளிச்சு வெச்சிருந்தாங்க."

பதிவாளர் பேனாவை மறுபடி திறந்தார். "நியாயமாத்தான் இருக்கு."

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை. காப்பாளரம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடமாகச் சேர்த்த நல்ல பெயரையே எடுத்து அவர் தலையில் அடித்திருந்தான் மனிதன்.

சர்வேயர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பேரத்தில் ஒரு சூத்திரம் உண்டு. விலையை எதிராளி வாயால் முதலில் சொல்ல வைத்துவிட வேண்டும். அப்புறம் அவன் எங்கே போனாலும் அந்த விலை அவன் கூடவே வரும்.

"சார் சொல்றதுல அர்த்தம் இருக்கு" என்றார்.

மச்சான் திடுக்கிட்டுப் பார்த்தான். காப்பாளரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு தெளிவாயிட்டா நானே ஒத்துக்கறேன். நீங்க மூணு தடவை தேடினீங்க. எப்படி அடிச்சீங்கன்னு இங்கயே காட்ட முடியுமா?"

"தாராளமா." துணை நூலகர் பதிவாளரின் கணினி முன் வந்தார். ஒரு விசையை அழுத்திக்கொண்டு, இன்னொன்றை ஒரே தட்டு. 'ஔ'. மீதியையும் அடித்தார். *பதிவு இல்லை.*

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எப்பவும் இப்படித்தான் அடிப்பீங்களா? ஒரே தட்டுல?"

"வேற எப்படி சார்? படிச்சவன் ஔவை ஔன்னுதானே அடிப்பான்? ரெண்டா உடைக்கறது கத்துக்குட்டிங்க வேலை."

"கத்துக்குட்டி ஆஜர்" என்றான் மச்சான்.

"திங்கக்கிழமையும் இப்படித்தான்?"

"திங்கக்கிழமையும் இப்படித்தான். மூணு தடவையும் இப்படித்தான்."

"ரொம்ப நன்றி." சர்வேயர் புகாரின் நகலை எடுத்துப் பதிவாளர் முன் விரித்தார். "சார், இந்தத் தலைப்பைப் பாருங்க. வரி முழுக்க நிக்கணும்னு எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு இழுத்திருக்கார். முதல் எழுத்து என்ன?"

"ஔ" என்றார் பதிவாளர்.

"நல்லாப் பாருங்க."

பதிவாளர் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். "ஒ… அப்புறம் இடைவெளி… அப்புறம் ள."

"ஔ ஒரே எழுத்து. எவ்வளவு இழுத்தாலும் உடம்பு பிரியாது. இங்க ஒவுக்கும் ளவுக்கும் நடுவுல லாரி போகலாம். ரெண்டு எழுத்தா அடிச்சிருந்தாத்தான் இப்படிப் பிரியும்."

துணை நூலகர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் லேட்டாக வந்தது. "அது… பிரிண்டர் கோளாறு சார்."

"பிரிண்டர் மை சிந்தும். எழுத்து பிரிக்காது."

"சரி, அவசரத்துல அப்படி அடிச்சிருப்பேன். எல்லாரும் பண்றதுதானே? பழக்கம்."

"ஆங்!" என்றார் சர்வேயர். அதற்காகத்தான் காத்திருந்தார். "பழக்கத்துல ஒ, ளன்னு அடிக்கறவர் தேடும்போதும் அப்படித்தானே அடிச்சிருப்பார்? அப்படி அடிச்சா முதல் தடவையே கிடைச்சிருக்குமே. இந்தக் கத்துக்குட்டிக்கே கிடைச்சுதே. இல்ல, படிச்சவர் மாதிரி ஒரே தட்டுலதான் அடிப்பேங்கறீங்களா? அப்போ இந்தத் தலைப்பை நீங்க அடிக்கலை. பதிவுலேருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கீங்க. இல்லாத பதிவுலேருந்து பேரை எப்படி சார் எடுக்க முடியும்? எந்தப் பக்கம் வேணா போங்க. ரெண்டு பக்கமும் கதவை நீங்கதான் சாத்தினீங்க."

நுணல் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் இடைவெளியால் கெட்டது.

பதிவாளர் பேனாவை இரண்டாவது முறையாக மூடினார். இந்தமுறை சத்தம் பலமாக இருந்தது. "சொல்லுங்க."

துணை நூலகர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே திரை இருந்தது.

"முதல் தடவையே கிடைச்சுது சார்" என்றார் கடைசியில். "அவங்களுக்கு ஏன் கிடைக்கலைன்னு அப்போ எனக்கே புரியலை. போய்ப் பாத்தேன், பெட்டி இருந்துச்சு. சத்தியமா தொடக்கூட இல்லை. அவங்களே இல்லைங்கறாங்க, நாமளும் இல்லைன்னு சொன்னா… பதினோரு வருஷமா துணையாவே இருக்கேன் சார். அதிர்ஷ்டம் கதவைத் தட்டுதுன்னு நெனச்சிட்டேன்."

"தட்டினது அதிர்ஷ்டம் இல்ல சார். தட்டச்சு" என்றான் மச்சான்.

பதிவாளர் உத்தரவை இரண்டாகக் கிழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, இனி உங்க மேல ஒரு சொல் வராது. ஆனா அறிக்கையில அந்த எழுத்துப் பிழையை யார்மேலயாவது எழுதணும். உங்களுக்குச் சங்கடம்னா, அதையும் இவர் தலையிலயே போட்டுடலாம். அடுக்கு மாத்தும்போது இவர் கைதான் பட்டுச்சுன்னு."

"எழுதிக்குங்க சார்" என்றார் துணை நூலகர், பரிதாபமாக. "முழுக்க நனைஞ்சாச்சு."

எல்லோரும் காப்பாளரம்மாவைப் பார்த்தார்கள். கொஞ்சநேரம் முன்பு, திருடி என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று கெஞ்சியவர். மச்சான் கண்ணாலேயே 'சரின்னு சொல்லுங்கம்மா' என்றான்.

காப்பாளரம்மா பெட்டியை மெல்ல மூடினார்.

"வேண்டாம் சார். அது என் பிழை. நானே என் கையெழுத்துல எழுதித் தரேன்."

பதிவாளருக்கே மனசு இளகியது. "பெரிய மனசும்மா உங்களுக்கு."

"அதுல இன்னொண்ணும் எழுதணும்." காப்பாளரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அன்னிக்கு அடிச்ச ஐயாயிரத்து முன்னூறு பதிவும் என் விரல் அடிச்சதுதான். ஒண்ணு தப்புன்னா எல்லாமே சந்தேகம். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, ஏட்டைப் பாத்து, எழுத்தெழுத்தா ஒப்பிடணும். ஒரு நாளைக்குப் பத்துக்குமேல முடியாது. அதை அடிச்சவங்களைத் தவிர வேற யாரும் பண்ணவும் முடியாது."

பதிவாளர் விரல் விட்டுக் கூட்டினார். "வேலை நாளாப் பாத்தா ரெண்டு வருஷத்துக்குமேல ஆகுமே. உங்களுக்கு ஓய்வு அதுக்கு முன்னாடியே வந்துடும்."

"ஆமா சார். அதான் யோசிக்கறேன்."

சர்வேயர் வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனையோ வியாபாரிகளிடம் பேரம் பேசியவர் அவர். தன் தப்பையே சரக்காக எடுத்து, எதிராளி தலையில் லாபத்துக்குக் கட்டுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

"அப்போ… பணி நீட்டிப்பு…" என்று இழுத்தார் பதிவாளர்.

"நீங்களே சொல்லும்போது நான் எப்படி மறுக்கறது? துணைக்கு ஓர் ஆளும் வேணும். நான் ஏட்டைப் பாக்கும்போது, பக்கத்துல உக்காந்து பதிவை எழுத்தெழுத்தா உரக்க வாசிக்கணும். ஔவுக்கும் ஒ, ளவுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது." காப்பாளரம்மா துணை நூலகரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "விசாரணை முடியறவரைக்கும் தம்பி சும்மாத்தானே இருப்பார்?"

மறுநாள் காலை பத்து மணிக்குத் துணை நூலகர் சுவடி அறை வாசலில் பேனாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். முதுகு சாய இடமில்லாத ஒரு முக்காலியும் தடித்த பட்டியலும் அவருக்காகக் காத்திருந்தன.

"ம், ஆரம்பிங்க தம்பி" என்றார் காப்பாளரம்மா. "சத்தமா."

"அ" என்றார் துணை நூலகர்.

'அ'வில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு சுவடிகள் இருந்தன.